வேதனையின் வேளையில் வேறோர் உலகம்



மெய்நிகர் உலகம் என்ற சொல் இந்நாட்களில் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது. கண்களை முழுவதும் மூடும் ஒரு கவசத்தைத் தலையில் மாட்டிக்கொண்டால், இருக்கும் அறை மறைந்து வேறோர் இடத்தில் நிற்பதுபோலத் தோன்றுகிறது. பிள்ளைகள் விளையாடும் இந்தக் கருவிக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம், எங்கள் காணிக்கை இதற்கும் செலவாகுமோ என்று நண்பர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆகவே இவ்விதழில் அதைப் பற்றிச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

தீக்காயமும் பனிப் பள்ளத்தாக்கும்

தீக்காயம்பட்டவருக்கு வேதனை ஒரே நாளில் முடிவதில்லை. பல வாரங்கள் வரையிலும் கட்டைப் பிரித்து, புண்ணைக் கழுவி, வெந்த தோலை நீக்கி, மறுபடியும் கட்ட வேண்டும். வலிக்கு மருந்து கொடுத்தாலும் அந்த வேளையின் வேதனை முற்றிலும் அடங்குவதில்லை. நம் கடலூர் மாவட்டம் இதை அறியும். 2020ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்ததில் தொழிலாளர் பலர் வெந்து மடிந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் பலர் மாண்டனர். அடுப்புத் தீ சேலையில் பற்றி வரும் தாய்மார்களோ எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1996 முதல் சியாட்டில் நகரத்துத் தீக்காய மருத்துவமனையில் ஒரு முயற்சியை மேற்கொண்டனர். கட்டு மாற்றும் வேளையில் நோயாளிக்குக் கவசத்தை மாட்டி, பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றைக் காட்டினார்கள். அவர் அதில் மிதந்துசென்று பனிமனிதர்கள்மேல் பனிக்கட்டி உருண்டைகளை எறிவார். மருந்தோடு இதுவும் சேர்ந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். மூளையைப் படமெடுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு ஆய்வில், வலியை உணரும் பகுதிகளின் வேலையும் குறைந்திருந்தது தெரியவந்தது.

காரணம் எளிது. வலியை உணரவும் கவனம் வேண்டும். மனிதனுடைய கவனமோ அளவுள்ளது. அதில் பெரும்பங்கைப் பனிப் பள்ளத்தாக்கு எடுத்துக்கொண்டால், வலிக்கு மிஞ்சுவது குறைவு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்வையை விரிவாக நிறைக்கும் நல்ல கவசம் கொடுத்த ஆறுதலை, குறுகிய காட்சியுள்ள மட்டமான கவசம் கொடுக்கவில்லை. அந்த உலகம் எவ்வளவு மெய்யாகத் தோன்றுகிறதோ அவ்வளவு வலி குறைகிறது.

மெய்யாகத் தோன்றுவது எப்படி

இவான் சதர்லேண்ட் என்ற அமெரிக்கர் 1968இல் அமைத்த தலைக்கருவி, கூரையிலிருந்து தொங்கவிடவேண்டிய அளவுக்குப் பாரமாயிருந்தது. இன்றைய கருவியைச் சிறுவரும் தூக்கலாம். இரு கண்களுக்கும் சிறிது வேறுபட்ட இரு படங்கள் காட்டப்படுவதால் ஆழம் தெரிகிறது. தலை திரும்பினால் காட்சியும் உடனே திரும்ப வேண்டும். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானால் பலருக்குத் தலைசுற்றும், குமட்டும். கண் நோக்கும் இடத்தைக் கருவியே கண்டறிந்து அங்கே மட்டும் படத்தை நுட்பமாக வரைவது புதிய முறை. நம் கண்ணும் நடுவிலுள்ள சிறு பகுதியைத்தானே தெளிவாகப் பார்க்கிறது!

கண்ணையும் காதையும் நம்பவைப்பதைவிட விரலை நம்பவைப்பது கடினம். காணும் பூவைத் தொடப்போனால் கை காற்றில் துழாவும். அத்துடன் அந்த உலகம் கலைந்துபோகும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தலைமையில் பல ஆண்டுகளாக நடப்பது இந்தத் தொடு உணர்வைப் பற்றிய ஆராய்ச்சியே. அவர்கள் 2022இல் அறிவித்த தொடுதிரையில், விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள உராய்வை மின்விசையால் கூட்டியும் குறைத்தும், வழவழப்பான பரப்பிலேயே விளிம்பையும் சொரசொரப்பையும் உணரச் செய்கிறார்கள்.

ஒரு கண்ணாடியின் வேலை

மூளையை நம்பவைக்க எப்போதும் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன், 1990களின் நடுவில் ஒரு பெட்டியில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தினார். கை துண்டிக்கப்பட்ட பலருக்கு, இல்லாத கையிலேயே தாங்கமுடியாத வலி இருக்கும். அப்படிப்பட்டவர் நல்ல கையைக் கண்ணாடிமுன் அசைக்கும்போது, இழந்த கையே திரும்பிவந்து அசைவதுபோலத் தெரியும். சிலருக்கு வலி தணிந்தது, எல்லாருக்கும் தணியவில்லை. அவரும் அதை மெய்நிகர்ப் பெட்டி என்றே அழைத்தார். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் நிறைந்த நம் பகுதியில் இது நினைவில் வைக்கத்தக்கது.

எங்கள் எண்ணம்

இக்கருவி வீண் ஆடம்பரமல்ல. ஒரு நல்ல கைபேசியின் விலைக்கே இப்போது கவசங்கள் கிடைக்கின்றன. நாள்பட்ட இடுப்புவலிக்கு இத்தகைய சிகிச்சை ஒன்றை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2021இல் அனுமதித்தும் இருக்கிறது. ஆனால் சில காரியங்களை மறக்கலாகாது.

முதலாவது, காட்டப்படும் உலகம் நோயாளிக்குரியதாக இருக்க வேண்டும். சிதம்பரத்துப் பக்கத்துக் கூலித் தொழிலாளிக்குப் பனி என்றால் என்ன தெரியும்? பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டில் நிழல் விழும் ஓடையில் படகு போவதே அவருக்குக் குளிர்ச்சி. தேவனாம்பட்டினத்துத் தாய்க்கோ தண்ணீரே பயமாயிருக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் தேதியை அந்தக் கரை மறக்கவில்லை. பயத்தைப் போக்கவும் இக்கருவி உதவும் என்று 1995இல் அட்லாண்டாவில், உயரத்துக்கு அஞ்சுவோரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அதையும் மருத்துவரின் துணையோடு படிப்படியாகவே செய்ய வேண்டும். முகம் வெந்தவருக்குத் தலையில் மாட்டாமல் தாங்குகோலில் நிறுத்தும் கருவி தேவை. ஒருவர் அணிந்ததைச் சுத்திகரிக்காமல் மற்றவருக்குக் கொடுக்கவும் கூடாது.

இரண்டாவது, கவசத்தைக் கழற்றியபின் நோயாளி திரும்பிவருவது அதே கட்டிலுக்கு. இனி என் முகத்தைப் பார்த்துப் பிள்ளை பயப்படுமோ என்று ஒரு தாய் இரவில் கேட்கும்போது, அதற்குப் பதில் எந்தக் கருவியிலும் இல்லை. கப்பர்நகூமில் நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைப் பாராமலே, தூரத்திலிருந்து சொன்ன ஒரு சொல்லால் சுகமாக்கினவர் நம் ஆண்டவர். தூரத்திலிருந்தே எல்லாம் செய்ய வல்லவர், ஊரார் ஒதுக்கின குஷ்டரோகியைக் கையால் தொட்டார். தொடாமலே சுகமாக்கியிருக்கலாம், ஆனாலும் தொட்டார். செவிலியர் கட்டு மாற்றும் ஒவ்வொரு வேளையிலும் அந்த ஊழியமே தொடர்கிறது.

ஆகவே மருத்துவர்கள் ஏற்றதென்று கண்டால், கட்டு மாற்றும் அறைக்கு ஒரு கருவி வாங்குவதை நாங்கள் வரவேற்போம். ஆனால் வரிசையில் அதற்கு முதலிடம் இல்லை. சுத்தமான கட்டுத்துணி, வலிநீக்கும் மருந்து, புண்ணைப் பொறுமையோடு கழுவும் செவிலியர், கட்டிலருகே அமர்ந்து கேட்க ஒருவர்: இவையே முதலில் வேண்டும். இவை இல்லாத இடத்தில் கவசம் வெறும் விளையாட்டுப் பொருள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை இந்த வரிசையிலேயே செலவாகும். தீக்காயம்பட்டோருக்காகவும் அவர்களுக்குக் கட்டுப்போடும் கைகளுக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.