உங்களுக்குத் தெரியுமா? ஒரு மருந்து பாட்டிலுக்குள் ஆயிரம் பேர்!

கைக்கு அடக்கமான ஒரு கண்ணாடி பாட்டில். அதற்குப் பின்னால் குறைந்தது 1,000 பேர் கொடுத்த பிளாஸ்மா! பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஏற்றும் 'இம்யூனோகுளோபுலின்' அது. ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த விதி!

இந்தக் குறைபாடு ஒரே நோய் என்றா நினைத்தீர்கள்? மொத்தம் 450 வகைக்கும் மேல்!

இது எய்ட்ஸ் இல்லை. யாருக்கும் ஒட்டாது. பக்கத்தில் உட்காரலாம், கூட விளையாடலாம். உண்மையில் நம் சளிதான் இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஆபத்து!

பிறந்த சில மாதங்கள் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். காரணம், வயிற்றில் இருக்கும்போதே அம்மா கொடுத்தனுப்பிய சீர்! அந்த எதிர்ப்புச் சத்து தீர, சில வகைகளில் 6 மாதத்துக்குப் பிறகுதான் நோய் தலைகாட்டும்!

வருடம் 1952. அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன், தன்னிடம் வந்த 8 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு வந்த கடும் தொற்றுகள் மட்டும் 19! மாதாமாதம் காமா குளோபுலின், அதாவது இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிக் கடும் தொற்று ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை!

ஏற்றிய மருந்தில் பாதி, சுமார் 21 நாளில் காலி! அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஏற்றுகிறார்கள். பாட்டிலைப் பெரும்பாலும் ஃபிரிட்ஜில் வைக்கணும். குலுக்கவே கூடாது, நுரைத்துவிடும்! சொட்டுச் சொட்டாக இறங்கப் பல மணி நேரம். ஒரு கையில் ஊசி, மறு கையில் வீட்டுப்பாட நோட்டு! மருந்து தவறாமல் கிடைத்தால் பள்ளி, கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாமே உண்டு!

கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. வெளிநாடு போக வேண்டாம், நம்ம சென்னையிலேயே செய்கிறார்கள்! முழுப் பொருத்தம் கிடைக்கவில்லையா? அப்பா அல்லது அம்மாவின் பாதிப் பொருத்தத்தை வைத்தே செய்து காட்டியிருக்கிறார்கள்!

மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கை 2021-ல் வந்தது. இந்தக் குறைபாட்டின் சில வகைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. அரசு அங்கீகரித்த சிறப்பு மையங்களில் ஒருவருக்குக் கிடைக்கும் உதவி, 50 லட்சம் ரூபாய் வரை!

கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே இருக்கிறது நம்ம வடசென்னைச் சடையங்குப்பம். மழை வந்தால் தெருவெல்லாம் தண்ணீர். அது குடிநீரில் கலந்தால் நமக்கு வயிற்றுப்போக்கோடு போகும். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒரு டம்ளர் கொதிக்க வைக்காத தண்ணீரே ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும்!

மணலி, எண்ணூர், திருவொற்றியூரில் குழந்தை இருமினால் 'கம்பெனிப் புகைதான்' என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள்! ஒரே வருடத்தில் 2 தடவை நிமோனியா, அல்லது 4 தடவை காதுத் தொற்று வந்ததா? "இம்யூனோகுளோபுலின் டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தேவை, கொஞ்சம் ரத்தம் மட்டுமே!