பெட்டி நமக்கா, நாம் பெட்டிக்கா?

மனிதன் தன் வசதிக்காகக் கருவிகளைப் படைத்தான். கருவி கைக்கு அடங்கியிருக்கும் வரையில் அது பணியாள். அடங்க மறுத்தால் அதுவே எசமானன் ஆகிவிடும். இதை விளக்க அணுகுண்டு வரை போக வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியே போதும். இன்று ‘ஸ்மார்ட் டி.வி.’ என்ற பெயரில் கடைகளில் விற்கப்படும் பெட்டி நூறு வேலைகளைச் செய்கிறது. போட்டவுடன் படம் காட்டுவது என்ற முதல் வேலையில் மட்டும் தடுமாறுகிறது. திருத்தணியிலும் கே.ஜி.கண்டிகையிலும் அண்டை அயலாரிடம் பேசினால் இந்தக் குறை காதில் விழாமல் போகாது. இது ஏன் நேர்ந்தது, பெட்டிக்குள் என்ன நடக்கிறது, இதற்கு மாற்று உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

குமிழைத் திருகிய காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆகஸ்டில், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன், அண்டை மாநிலமான ஆந்திரம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை அனுப்பும் ‘சைட்’ திட்டமும் ஓராண்டுக் காலச் சோதனையாகத் தொடங்கியது. எழுத்தறியாத உழவரும் பார்த்துப் பயன்பெற வேண்டும் என்பதே அன்றைய நோக்கம்.

அக்காலப் பெட்டியிலும் தொல்லைகள் உண்டு. தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் இடையிலுள்ள குன்றுகளும் அவற்றைத் தடுக்கும். ஆகவே சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள நம் பகுதியில் படம் தெரிய வேண்டுமானால், வீட்டு மேல் உயரமான குழாய் நட்டு ஆண்டெனா கட்ட வேண்டும். காற்றடித்தால் அது திரும்பிக்கொள்ளும். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழிருந்து “தெரியுது, தெரியுது, அப்படியே விடு” என்று குரல் கொடுத்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறை எங்கே இருக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. பெட்டியை இயக்கவோ இரண்டு குமிழ்கள் போதுமாயிருந்தன.

வண்ணம் 1982இல் வந்தது. தனியார் சேனல்கள் தொண்ணூறுகளில் வந்தன. கேபிள் இணைப்பு தெருத்தெருவாக நுழைந்தது. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குலப் பெட்டிகளை வழங்கியது. அத்திட்டத்தைப் பற்றி அரசியல் கருத்துகள் பலவாக இருக்கலாம். ஆனால் அப்பெட்டியை வாங்கிச் சென்ற எவரும் அதை இயக்குவதற்கு யாரிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்பியைச் செருகினார்கள், படம் வந்தது.

அதன் பின்னர், 2011ஆம் ஆண்டின் கேபிள் சட்டத் திருத்தத்தால் ஒளிபரப்பு படிப்படியாக டிஜிட்டல் முறைக்கு மாறியது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. ஒரு ரிமோட் இருந்த இடத்தில் இரண்டு ரிமோட்டுகள் ஆயின. சிக்கலின் முதல் முடிச்சு அங்கே விழுந்தது எனலாம்.

பெட்டிக்குள் ஒரு கணிப்பொறி

ஸ்மார்ட் டி.வி. என்பது உண்மையில் இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று, படம் காட்டும் திரை. மற்றொன்று, அத்திரையின் பின்னால் ஒட்டவைத்த சிறு கணிப்பொறி. அதற்குச் செயலி உண்டு, நினைவகம் உண்டு, கைப்பேசியில் உள்ளதைப் போன்ற இயங்குதளமும் உண்டு. மின்சாரம் வந்ததும் இக்கணிப்பொறி தன் இயங்குதளத்தைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்து நினைவகத்தில் பரப்ப வேண்டும். இணைய இணைப்பைத் தேட வேண்டும். முகப்புத் திரையை வரைய வேண்டும். அதன் பிறகே நமக்குப் படம்.

இந்தத் தாமதம் ஏன் சில வீடுகளில் மட்டும் மிகுதியாக இருக்கிறது என்று கேட்கலாம். ரிமோட்டால் அணைத்தால் பெட்டி உறங்குகிறதே தவிர முழுவதும் அணைவதில்லை. அதனால் விரைவில் விழித்துக்கொள்ளும். நம் வீடுகளிலோ பார்த்து முடித்ததும் சுவரிலுள்ள சுவிட்சையே அணைப்பது வழக்கம். மின்சாரச் சிக்கனமும், இடி மின்னல் பற்றிய அச்சமும் நமக்குக் கற்றுத் தந்த நல்ல பழக்கம் அது. ஆனால் ஒவ்வொரு முறையும் அக்கணிப்பொறி அடியிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. அடிக்கடி மின்தடை ஏற்படும் ஊர்களிலும் இதே கதிதான். வேறோர் ஊரின் வாழ்க்கையை மனத்தில் வைத்துச் செய்த பெட்டி நம் ஊருக்கு வந்திருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

மேலும், விலை குறைந்த பெட்டிகளில் நினைவகம் 1 ஜி.பி., சேமிப்பகம் 8 ஜி.பி. என்ற அளவிலேயே வைக்கிறார்கள். அதில் பெரும்பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்கிறது. செயலிகள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பருத்துக்கொண்டே போகின்றன. வாங்கிய நாளில் துள்ளிய பெட்டி மூன்றாம் ஆண்டில் தள்ளாடுவதன் காரணம் இதுவே.

இதனினும் பெரிய தொல்லை முதுமை. நல்ல திரை பத்தாண்டு உழைக்கும். அதனுடன் ஒட்டிய மென்பொருளின் ஆயுளோ அதைச் செய்தவர்களின் விருப்பத்தைப் பொறுத்தது. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012க்கு முன் வந்த பல தொலைக்காட்சிகளில் அச்செயலி இயங்காமற் போயிற்று. 2019 டிசம்பரில் சாம்சங் நிறுவனத்தின் 2010, 2011 ஆண்டுப் பெட்டிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. கண்ணாடியில் கீறல் இல்லை, விளக்கு மங்கவில்லை. ஆயினும் பெட்டி பாதி செத்துவிட்டது. நாம் பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுட்கயிறு வேறொருவர் கையில் இருக்கிறது.

விலை ஏன் குறைந்தது?

“இத்தனை வசதிகளோடு இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறார்களே!” என்று நாம் வியக்கிறோம். வணிகர் எவரும் காரணமின்றி விலையைக் குறைப்பதில்லை. பெட்டியை விற்றபின்பும் வருமானம் வந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் மறைபொருள். முகப்புத் திரையில் தோன்றும் விளம்பரங்களுக்கும், ரிமோட்டில் பெயர் பொறித்த பொத்தான்களுக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள். விசியோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மூன்றாம் காலாண்டுக் கணக்கில், பெட்டி விற்றதில் கிடைத்த மொத்த இலாபத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் விளம்பரம் முதலிய வழிகளில் கிடைத்திருந்தது. அந்நிறுவனத்தை வால்மார்ட் 2024 டிசம்பரில் வாங்கிக்கொண்டது.

விளம்பரத்துக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால், பார்ப்பவர் யார், எதைப் பார்க்கிறார் என்பது தெரிய வேண்டும். அதற்கென ஒரு நுட்பம் இருக்கிறது. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை மட்டும் பெட்டி நொடிக்கு நொடி எடுத்து, நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்புகிறது. அங்கே சேர்த்து வைத்துள்ள நிகழ்ச்சிகளின் அடையாளங்களோடு அவை ஒப்பிடப்படுகின்றன. கைரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது போன்றதுதான் இது. படம் கேபிளில் வந்தாலும், வட்டிலிருந்து வந்தாலும் கண்டுகொள்ளும். மேற்சொன்ன விசியோ நிறுவனம் 2014 முதல் சுமார் 1 கோடியே 10 லட்சம் பெட்டிகளிலிருந்து உரிய ஒப்புதலின்றி இவ்வாறு செய்தி திரட்டியதாக அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர, 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் இசைந்தது. நாம் பெட்டியைப் பார்க்கிறோம் என்று எண்ணியிருக்க, பெட்டியும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது!

நம் நாட்டிலும் ஒரு வழக்கு நடந்தது. ஆண்டிராய்டு தொலைக்காட்சிகளில் கூகுள் தன் செயலிகளைக் கட்டாகச் சேர்த்துத் தருவது பற்றிய புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2021இல் விசாரணைக்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் கூகுள் 20 கோடியே 24 லட்சம் ரூபாய் செலுத்தியதோடு, இந்தியாவில் விற்கும் பெட்டிகளுக்குச் செயலிக் கடையைத் தனியாகவும் உரிமம் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. ஒரே வகை முகப்பும் ஒரே வகைச் செயலிகளும் எல்லாப் பெட்டிகளிலும் நிறைந்திருப்பது தற்செயலன்று என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

துன்பம் யாருக்கு?

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இவையெல்லாம் சிறு எரிச்சல். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடுவோம். உண்மையான இழப்பு முதியவர்களுக்குத்தான். எங்கள் வீட்டில் பாட்டி எழுத்தறியாதவர். ஆயினும் பழைய ரிமோட்டில் எந்தப் பொத்தான் எங்கே என்பதை விரலால் தடவியே அறிவார். கிருத்திகை தோறும் முருகன் பாட்டை அவரே வைத்துக் கேட்பார். புதிய பெட்டியின் ரிமோட்டில் எண்களே இல்லை. நிறுவனங்களின் சின்னங்களே இருக்கின்றன. தவறி ஒன்றில் கை பட்டால் ஆங்கிலத்தில் கேள்விகள் வந்து நிற்கின்றன. இப்போது அவர், “கண்ணு, அந்த டி.வி.யைக் கொஞ்சம் போட்டுட்டுப் போயேன்” என்று நான் கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் கேட்கிறார். நாங்கள் எல்லாரும் வெளியே சென்றிருக்கும் பகற்பொழுதில், அவருக்குத் துணையாக வாங்கிய பெட்டி கறுத்த கண்ணாடியாகத் தொங்குகிறது. பிறர் உதவியின்றித் தன் விருப்பத்தைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை ஒன்று அவர் கையைவிட்டுப் போய்விட்டது. இதை வசதி என்று எப்படிச் சொல்வது?

மொழியும் இதில் அடங்கும். 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதியில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீடுகள் ஏராளம். இரண்டும் அறிந்த நம் மக்களிடம் பெட்டி ஆங்கிலத்தில் நீண்ட நிபந்தனைகளைக் காட்டி ‘சம்மதம்’ கேட்கிறது. படிக்க முடியாததற்குத் தரும் சம்மதம் சம்மதமாகுமா? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. சம்மதம் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று அது கூறுகிறது. தமிழும் தெலுங்கும் அவ்வட்டவணையில் உள்ளன. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவது நம் கையில் உள்ளது.

எளிய திரை வேண்டும்

அப்படியானால் பழைய பெட்டிக்கே திரும்பிவிடலாமா? அதுவும் சரியன்று. இதே பெட்டியில்தான் சென்னை ஐ.ஐ.டி. முதலிய நிறுவனங்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களை வீட்டிலிருந்தே கேட்கிறோம். போட்டித் தேர்வு வகுப்புகளைப் பார்க்கிறோம். வேண்டுவது, திரையையும் கணிப்பொறியையும் பிரித்து வைப்பது. திரை திரையாக மட்டும் இருக்கட்டும். இணையம் வேண்டுவோர் அதற்கென ஒரு சிறு கருவியைத் தனியே வாங்கிச் செருகிக்கொள்ளட்டும். கருவி பழையதானால் சில ஆயிரம் ரூபாயில் அதை மட்டும் மாற்றலாம்; திரை தன் பத்தாண்டை முழுமையாக வாழும்.

இது வெறும் கனவன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டில் வகுத்த ஒரு தரநிலை, செயற்கைக்கோள் அலைவாங்கியைத் தொலைக்காட்சிக்குள்ளேயே அமைப்பதற்கு வழி செய்கிறது. அத்தகைய பெட்டிக்கு மாடியில் ஒரு சிறு டிஷ் இருந்தால் போதும். தனி செட்டாப் பாக்ஸ் இல்லாமலே, இணையமும் இல்லாமலே, கட்டணமற்ற சேனல்களைப் பார்க்கலாம். ஒரே பெட்டி, ஒரே ரிமோட் என்ற பழைய எளிமை மீண்டும் கைகூடும்.

அதுவரை நம் வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு:

1. பெட்டியை இணையத்தோடு இணைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பல பெட்டிகளில் முதன்முறை அமைக்கும்போதே ‘அடிப்படைத் தொலைக்காட்சி’ என்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம்.

2. பெட்டி திறந்ததும் முகப்புக்குப் போகாமல் நேரே செட்டாப் பாக்ஸின் படத்தைக் காட்டும்படி அமைக்கும் வசதி பலவற்றில் உண்டு. முதியவர் உள்ள வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுவே.

3. அமைப்புகளுள் சென்று, பார்ப்பதைப் பற்றிய தகவல் திரட்டலையும் விளம்பரத் தேர்வையும் அணைத்துவிடலாம்.

4. புதிதாக வாங்கும்போது, “எத்தனை அங்குலம்?” என்று கேட்பதோடு நில்லாமல், “எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தருவீர்கள்? ரிமோட்டில் எண்கள் உண்டா? தமிழில் முகப்பு உண்டா?” என்றும் கேட்க வேண்டும். வாங்குவோர் கேளாத ஒன்றை விற்போர் ஒருநாளும் செய்யப்போவதில்லை.

அறிவியல் பயிலும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. நாளை நம்மில் சிலர் இத்தகைய கருவிகளை வடிவமைக்கும் இடத்தில் அமரக்கூடும். அப்போது, நூறு வசதிகளைச் சேர்ப்பதற்கு முன், எழுத்தறியாத ஒரு மூதாட்டி இதைத் தனியே இயக்க முடியுமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம். இன்று மாலை வீடு திரும்பியதும் மேற்சொன்ன இரண்டாவது வழியை நம் வீட்டுப் பெட்டியில் செய்து பார்ப்போம். பெட்டி நமக்காக உழைக்கட்டும். நாம் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.