கொட் மீனும் வல்லரசும்

1976 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19 ஆந் திகதி ஐஸ்லாந்து அரசாங்கம் பிரித்தானியாவுடன் தான் கொண்டிருந்த இராசதந்திர உறவை முறித்துக்கொண்டது. இவ்விரு நாடுகளும் பகை நாடுகளல்ல. ஒருவர் தாக்கப்பட்டால் அது யாவரும் தாக்கப்பட்டதற்கு ஒப்பாகும் என்று 1949 ஆம் ஆண்டிலே கையொப்பமிட்ட வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தின் உறுப்பு நாடுகள் அவை. அத்தகைய நண்பரிருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத நிலைக்கு வந்ததற்குக் காரணம் மண்ணாசையன்று, கொள்கை வேற்றுமையுமன்று. பாடசாலைப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கும் மீனெண்ணெயைத் தருகின்ற கொட் மீனே அதற்குக் காரணம்.

வல்லரசு ஒன்றுக்கும் அதனோடு இராணுவ உடன்பாடு செய்துகொண்ட சிறு நாட்டுக்கும் இடையே பிணக்கு மூளுமிடத்து நிகழ்வது யாது என்பதை அறிய விரும்புவோர்க்கு, இந்த மீன் வழக்கைப்போலத் தெளிவானது வேறொன்று கிடைத்தல் அரிது. பகைவனோடு பொரும் வல்லரசு தன் படைபலம் அனைத்தையும் களத்துக்குக் கொண்டுவரலாம். நண்பனோடு பிணங்கும்போதோ, அப்பலத்திற் பெரும்பகுதியைப் பூட்டி வைத்துவிட்டே பிணங்க வேண்டியிருக்கின்றது. அவ்வாறு கை கட்டப்பட்ட வல்லரசின் முன்னே சிறு நாடு எவ்வளவு காலம் நின்று பிடிக்கும் என்பது, வல்லரசுக்கு இன்றியமையாத பொருள் ஏதேனும் அச்சிறு நாட்டின் கையில் உண்டா என்பதையே பெரிதும் பொறுத்தது.

ஐஸ்லாந்து பரப்பளவில் இலங்கையைப்போல் ஒன்றரை மடங்கினது. ஏறக்குறைய 103,000 சதுர கிலோமீற்றர். ஆயினும் இப்பிணக்கு உச்சமடைந்த காலத்திலே அங்கு வாழ்ந்தோர் தொகை இரண்டு இலட்சத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நிலத்தின் பெரும்பகுதி பனிப்பாறையும் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையும். நெல்லும் கோதுமையும் விளையாத அந்நாடு, உண்பதற்கும் உடுப்பதற்கும் வேண்டியவற்றுட் பலவற்றைப் பிறநாடுகளிலிருந்தே வாங்கவேண்டும். வாங்குவதற்குப் பணம் தந்தது மீன் ஒன்றே. இலங்கைக்குத் தேயிலை எவ்வாறோ அதனினும் மேலாக ஐஸ்லாந்துக்கு மீன். அந்நாட்டுக்கு இராணுவம் என்று ஒன்றில்லை. கரையோரக் காவற்படையும் அதற்குரிய, விரல்விட்டு எண்ணத்தக்க சிறு கப்பல்களுமே அதன் படைபலம்.

எனினும் ஒரு பெரும் பொருள் அதனிடம் இருந்தது. அது அதன் இருப்பிடம். முர்மான்ஸ்க் பக்கத்துத் தளங்களிலிருந்து புறப்படும் சோவியத்து நீர்மூழ்கிக் கப்பல்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தை அடைவதானால், கிறீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையிலோ ஐஸ்லாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையிலோ உள்ள கடலைக் கடந்தே வரவேண்டும். அவ்வாயிலைக் காவல் செய்ய உகந்த இடம் ஐஸ்லாந்து. 1951 ஆம் ஆண்டிற் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்பாட்டின்படி அமெரிக்கர் கெப்லாவிக் என்னுமிடத்திலே தளம் அமைத்திருந்தனர். அந்நியர் தளமொன்று தன் மண்ணில் இருப்பது சிறு நாடொன்றுக்குப் பாரமும் ஆகும், பேரம் பேசும் பொருளும் ஆகும். 1947 ஆம் ஆண்டின் பாதுகாப்பு உடன்பாட்டையும், திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்கா விமானத் தளமும் 1957 ஆம் ஆண்டிலே திருப்பி ஒப்படைக்கப்பட்டதையும் அறிந்த இலங்கை நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிரித்தானிய மீன்பிடி கப்பல்கள் பல தலைமுறைகளாக ஐஸ்லாந்தின் கரையை அண்டி மீன் பிடித்து வந்தன. ஹல், கிறிம்ஸ்பி, பிளீட்வூட் ஆகிய துறைமுகப் பட்டினங்களின் வாழ்வே அம்மீனில் தங்கியிருந்தது. இழுவை மடிகள் கடலடியை வாரிக்கொண்டு போக, மீன் குன்றுவதைக் கண்ட ஐஸ்லாந்து 1952 ஆம் ஆண்டிலே தன் மீன்பிடி எல்லையை 3 மைலிலிருந்து 4 மைலுக்கு நீட்டி, குடாக்களையும் தன் எல்லைக்குட்படுத்தியது. அதற்குப் பிரித்தானியா அளித்த விடை வியாபாரியின் விடை. ஹல், கிறிம்ஸ்பி முதலிய துறைகளின் கப்பற் சொந்தக்காரர் ஐஸ்லாந்து மீனை அங்கு இறக்கவிடாது தடுத்தனர். அரசாங்கம் அத்தடையை நீக்க முன்வரவில்லை. மீன் விற்கவியலாவிடின் சில மாதங்களில் ஐஸ்லாந்து பணிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

அக்கணக்கிலே மூன்றாமவன் ஒருவனைச் சேர்க்க மறந்துவிட்டனர். 1953 ஆம் ஆண்டிலே சோவியத்து நாடு முன்வந்து அம்மீனை வாங்கிப் பதிலுக்குப் பெற்றோலியம் கொடுத்தது. சோவியத்துக் கப்பல்களை உளவு பார்க்கும் தளத்தைத் தாங்கிய தீவிலே மீன்பிடி படகுகள் சோவியத்து எண்ணெயில் ஓடலாயின! இதனைக் கண்டு கலங்கிய அமெரிக்கரும் ஐஸ்லாந்து மீனைக் கூடுதலாக வாங்கத் தொடங்கினர். 1956 ஆம் ஆண்டிலே தடை கைவிடப்பட்டது. 4 மைல் எல்லையோ நிலைத்தது.

அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே ஐஸ்லாந்துப் பாராளுமன்றம், அமெரிக்கப் படை வெளியேற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. அத்தீர்மானம் நடைமுறைக்கு வருமுன் ஹங்கேரியில் கிளர்ச்சி எழுந்தது. வார்சோ உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக நவம்பர் 1 ஆந் திகதி ஹங்கேரி அறிவித்தது. 4 ஆந் திகதி சோவியத்து டாங்கிகள் புடாபெஸ்ட் நகரைத் தாக்கின. சிறு கூட்டாளியோடு பிணங்கிய வல்லரசு பலத்தைப் பூட்டி வைக்காதவிடத்து நிகழ்வது யாது என்பதை உலகம் நேரிற் கண்டது. அச்சமுற்ற ஐஸ்லாந்தர் தளம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டனர். எனினும், வேண்டாமென்று சொல்லும் உரிமை தமக்குண்டு என்பதை ஒருமுறை காட்டிவிட்டனர். அதனை அமெரிக்கர் மறக்கவில்லை.

1958 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆந் திகதி எல்லை 12 மைலாக்கப்பட்டது. இம்முறை பிரித்தானியா கடற்படையை அனுப்பியது. மறுநாள் ஐஸ்லாந்துக் காவற்படையினர் 'நோதேண் போம்' என்னும் மீன்பிடி கப்பலில் ஏறி அதனைக் கைப்பற்றினர். 'ஈஸ்ற்போண்' என்னும் போர்க்கப்பல் விரைந்து வந்து அதனை மீட்டு, ஐஸ்லாந்தர் ஒன்பதின்மரையும் தன்னில் ஏற்றிக்கொண்டது. அடுத்து அவர்களை என் செய்வது? அவர்கள் போர்க் கைதிகளல்லர், ஏனெனிற் போர் இல்லை. குற்றவாளிகளுமல்லர், நட்பு நாட்டின் உத்தியோகத்தர். பத்து நாள்களுக்கு மேலாக விருந்தினரைப்போல் வைத்திருந்து, ஓரிரவு சிறு படகொன்றில் ஏற்றிக் கெப்லாவிக் அருகே கரைசேர விட்டனர். நண்பனோடு பொரும் வல்லரசின் சங்கடம் அனைத்தும் இவ்வொரு சம்பவத்தில் அடங்கியிருக்கின்றது.

மீன்பிடி கப்பல்களைக் காக்கும் பொருட்டுக் கடலிலே சில கட்டங்களை வகுத்து, அவற்றுள் நின்றே மீன் பிடிக்குமாறு கடற்படை பணித்தது. கப்பல்கள் கட்டளைக்குப் பணிந்து கட்டத்துள் நின்றன, மீன்கள் பணியவில்லை. செலவு ஏற, மீன் குறைய, 1961 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பிரித்தானியா 12 மைல் எல்லையை ஒத்துக்கொண்டது. எல்லையை இனியும் நீட்டுவதாயின் அப்பிணக்கைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்னும் வாசகத்தை மட்டும் உடன்பாட்டிலே பெற்றுக்கொண்டது.

1972 ஆம் ஆண்டிலே ஐஸ்லாந்து 50 மைலை எல்லையாக அறிவித்தபோது பிரித்தானியா அந்த வாசகத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறியது. ஐஸ்லாந்து அங்கே சமுகமளிக்க மறுத்தது. கடலிலோ அதன் காவற் கப்பல்கள் புதிய ஆயுதமொன்றைக் கொண்டுவந்தன. கொளுவி போன்ற வெட்டுக் கருவியை நீருள் இழுத்துக்கொண்டு மீன்பிடி கப்பலின் பின்புறமாகக் குறுக்கே செல்ல, மடியை இழுக்கும் உருக்கு வடம் அறுந்து மடியும் மீனும் கடலடியிற் போய்விடும். உயிருக்குச் சேதமில்லை, சொந்தக்காரருக்கோ பெருநட்டம். துப்பாக்கியால் விடை கூற முடியாத இடத்திலே இதைவிடப் பொருத்தமான கருவி வேறெது? 1973 ஆம் ஆண்டு மே மாதம் கடற்படை மீண்டும் வந்தது. கப்பலோடு கப்பல் மோதும் அபாயகரமான விளையாட்டுத் தொடங்கியது. ஆகஸ்டு மாதத்தில், மோதலிற் சேதமுற்ற 'ஏகிர்' என்னும் காவற் கப்பலைப் பழுதுபார்க்கையில் ஐஸ்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் மின்சாரம் தாக்கி மாண்டார். நண்பருக்கிடையில் நிகழ்ந்த பிணக்கு ஓர் உயிரையும் கொண்டது.

கடற்படை விலகாவிடின் உறவை முறிப்போம் என்று ஐஸ்லாந்து அறிவித்தது. அது முறிந்தால் அடுத்து முறியக்கூடியது கெப்லாவிக் என்பதை அறிந்த கூட்டணியின் செயலாளர் நாயகம் ஜோசப் லூன்ஸ் இருதரப்பாரிடமும் ஓடித் திரிந்தார். ஒக்டோபரிற் கடற்படை விலகியது. நவம்பரில் பிரித்தானியர் ஆண்டுக்கு 130,000 தொன் வரை பிடிக்கலாம் என்று ஈராண்டு உடன்பாடு ஏற்பட்டது. சர்வதேச நீதிமன்றம் 1974 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே பிரித்தானியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் தீர்ப்பை நிறைவேற்ற வந்த சேவகர் எவருமிலர்.

1975 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே எல்லை 200 மைலாயிற்று. தொடர்ந்த குளிர்காலத்துப் போராட்டமே மிகக் கடுமையானது. நீர்மூழ்கிகளை வேட்டையாடுவதற்கென்று கட்டப்பட்ட பிரிகேட் கப்பல்கள், மெல்லிய தகட்டு உடலோடு, பனிக்கடலுக்கென உறுதியாகக் கட்டப்பட்ட சிறு காவற் கப்பல்களோடு மோதி நசுங்கித் துறைக்குத் திரும்பின. 1976 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி 'பல்மத்' என்னும் பிரிகேட் மோதியதில் 'டீர்' என்னும் காவற் கப்பல் கவிழும் தறுவாய்க்குச் சென்று தப்பியது. இரு கப்பல்களும் ஒரே கூட்டணிக்குரியவை. எந்தச் சோவியத்து நீர்மூழ்கிகளைத் தடுப்பதற்கு அக்கூட்டணி உண்டாயிற்றோ அவை செல்லும் அதே கடலில் இது நிகழ்ந்தது. அமெரிக்கா ஐஸ்லாந்து கேட்ட விரைவுக் கப்பல்களைக் கொடுக்கவில்லை; ஆனாற் பிணக்கு விரைவில் தீரவேண்டும் என்று விரும்பியது. கடல் எல்லையைப் பற்றிய உலகத்தின் எண்ணமும் அதற்குள் 200 மைலை நோக்கித் திரும்பியிருந்தது. யூன் 1 ஆந் திகதி ஒஸ்லோ நகரிலே உடன்பாடு கைச்சாத்தாயிற்று: ஒரே வேளையில் 24 மீன்பிடி கப்பல்கள் மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு. அதன்பின் எவருமில்லை.

அவ்வுடன்பாட்டை முடித்துவைத்த பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி அந்தணி குறொஸ்லண்ட், கிறிம்ஸ்பித் தொகுதியின் பாராளுமன்றப் பிரதிநிதி. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களின் தொழிலையே தம் கையால் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை அவருக்கு வாய்த்தது. வல்லரசு விட்டுக்கொடுத்தது என்று நூல்கள் எழுதும். விட்டுக்கொடுத்ததன் விலையைச் செலுத்தியவர்கள் இலண்டனில் இருந்தோரல்லர். ஹல்லிலும் கிறிம்ஸ்பியிலும் தொழில் இழந்த மீனவரும் மீன்துறைத் தொழிலாளருமே. மீனவருக்கென இழப்பீட்டுத் திட்டமொன்று அறிவிக்கப்பட 2000 ஆம் ஆண்டு வரை சென்றது. அதற்குள் அவர்களுட் பலர் இறந்துபோயினர்.

அங்ஙனமாயின் சிறு நாடு உறுதியாக நின்றால் எப்போதும் வெல்லுமோ? நியூசிலாந்தின் கதை அவ்வாறு கூறவில்லை. 1984 ஆம் ஆண்டிலே பதவியேற்ற டேவிட் லாங்கியின் அரசாங்கம் அணுவாயுதக் கப்பல்களைத் தன் துறைமுகங்களில் அனுமதிப்பதில்லை என முடிவு செய்தது. எந்தக் கப்பலில் அணுவாயுதம் உண்டு, எதில் இல்லை என்று சொல்லாதிருப்பது அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். 1985 ஆம் ஆண்டு 'புக்கானன்' என்னும் கப்பல் இதன் காரணமாக அனுமதி மறுக்கப்பட்டது. அமெரிக்கா கூட்டுப் பயிற்சிகளையும் இரகசியத் தகவல்களையும் குறைத்தது. 1986 ஆம் ஆண்டிலே, நியூசிலாந்தைப் பாதுகாக்கும் பொறுப்புத் தனக்கில்லை என்று அறிவித்தது. ஆயினும் வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் வாங்க மறுத்துத் தண்டிக்கவில்லை. ஐஸ்லாந்துக்கு இறங்கி வந்ததுபோல் நியூசிலாந்துக்கு இறங்கி வராததன் காரணம் எளிது. நியூசிலாந்து எந்த வாயிலையும் காத்து நிற்கவில்லை. அன்றியும், அதே கேள்வியைக் கேட்கக்கூடிய யப்பான் போன்ற வேறு நட்பு நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. நியூசிலாந்து 1987 ஆம் ஆண்டிலே தன் கொள்கையைச் சட்டமாக்கிக்கொண்டு அமைதியாக இருந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று மீண்டும் அங்கே வந்தது 2016 ஆம் ஆண்டு நவம்பரிலே.

ஐஸ்லாந்தின் கதையும் 1976 ஆம் ஆண்டோடு முடியவில்லை. சோவியத்து நாடு 1991 ஆம் ஆண்டிலே மறைந்தது. வாயிலிற் காவல் தேவையற்றதாயிற்று. 2006 ஆம் ஆண்டு மார்ச் மாதம், கெப்லாவிக் தளத்தை விட்டுச் செல்லப்போவதாக அமெரிக்கா அறிவித்தது. தளத்தை மூடிவிடுவோம் என்று முன்னர்ப் பலமுறை எச்சரித்த ஐஸ்லாந்து, போர் விமானங்களையேனும் விட்டுச் செல்லுமாறு இப்போது கேட்டுக்கொண்டது. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. செப்டெம்பர் மாத இறுதியிலே கடைசிப் படையினரும் புறப்பட்டுச் சென்றனர்.