பிரஜாவுரிமைச் சான்றும் சொல்லின் வரையறையும்

ஒருவர் தாம் இன்னார், இவ்வூரார் என்று பிறர்க்கு மெய்ப்பிக்க வேண்டிய அவசியம் புதிதாகத் தோன்றியதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் ஊர் வாரியங்களுக்குத் தெரிந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளை வரையறுக்கின்றன. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமையும், சொந்த மனையிற் கட்டிய வீட்டில் வாழ்தலும் அவற்றுட் சில. கி.பி. 919-ஆம் ஆண்டுச் சாசனத்தில் 30 முதல் 60 என்றிருந்த பிராயம், 921-ஆம் ஆண்டுச் சாசனத்தில் 35 முதல் 70 என்று திருத்தப்பட்டது. ‘இவ்வூரில் வாழ்பவர்’ என்று வாளா கூறி விடாது, எவ்வகை மனையில், எவ்வகை வீட்டில் என்று வரையறுத்த அச்சபையோரின் நுட்பம் நாம் கருதத்தக்கது. அவ்வேலையே இன்று மின்னியல் சான்றுகளின் பொருட்டு மீண்டும் செய்யப்பட்டு வருகின்றது.

மின்னியல் சான்று என்பது யாது? அதில் மூவர் சம்பந்தப்படுகின்றனர்: சான்றை வழங்குவோர், அதனை உடையார், அதனைச் சோதிப்போர். வழங்குவோர் கணிதமுறையான ஒப்பமொன்றை அதில் இடுவர். சான்றில் ஓர் எழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது போகும். இம்முறைக்குரிய பொது விதிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டு, 2025-இல் அதன் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. ஆயினும் ஒப்பம் மெய்யென்று காட்டுவது ஒன்று. எழுதப்பட்டதன் பொருளைக் காட்டுவது வேறொன்று. ‘வாசி’ என்னுஞ் சொல்லை வழங்குவோர் ஒரு பொருளிலும் சோதிப்போர் மற்றொரு பொருளிலும் கொள்வாராயின், ஒப்பம் எத்துணை உறுதியாயினும் பயனில்லை. ஆகலின் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையும், மாறாத அடையாளக் குறியும் அமைத்த சொற்கோவை ஒன்று வேண்டப்படுகின்றது.

அக்கூட்டமைப்பைச் சார்ந்த ஒரு குழுவினர் பிரஜாவுரிமைச் சொற்கோவை ஒன்றை வரைந்துள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிரந்தரவாசிகளுக்குரிய அட்டை அதற்கு முன்மாதிரியாயிற்று. இடுபெயர், குடும்பப் பெயர், பிறந்த தேசம், வாசம் தொடங்கிய தேதி என்பன அதிற் காணப்படும் சொற்களுட் சில. அவற்றை நமது நாட்டில் அப்படியே வைத்துப் பார்ப்போமாயின் இடர்கள் தோன்றும்.

முதலாவது, பெயர். தமிழர் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரது முதலெழுத்தே முன் நிற்கும். அதனைக் குடும்பப் பெயர்க்குரிய இடத்தில் எழுதினால் தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு ‘குடும்பம்’ ஆகிவிடும். 2009-ஆம் ஆண்டில் திரு. என். விட்டல் தலைமையில் ஆதார் விவரங்களை வகுத்த குழுவினர், பெயரைக் கூறுபடுத்தாது ஒரே பகுதியில் எழுதுமாறு விதித்தது இவ்விடரை நீக்கும் வழியாம்.

இரண்டாவது, இடம். நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில், 70 கொண்டையூசி வளைவுகள் தொடங்கும் காரவள்ளிக்கு முன்னே உள்ளது காளப்பநாயக்கன்பட்டி. ஆங்கில எழுத்தில் லகர ளகர பேதம் இல்லை. ‘நாயக்கன்’ என்பதும் பலவாறு எழுதப்படும். ஆகவே இவ்வூரொன்றே பத்திரந்தோறும் வேறு வேறு ஊராகத் தோன்றல் கூடும். 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி நாமக்கல் ஜில்லா உண்டாயிற்று. அதற்கு முன் இங்குப் பிறந்தோரின் பத்திரங்களில் சேலம் ஜில்லா என்றிருக்கும். இரண்டும் உண்மையே. மலைமேற் சென்றால் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று ஊர்த்தொகுதிகளே ‘நாடு’ எனப்படும். ‘பிறந்த நாடு’ என்று படிவம் கேட்குமிடத்து, ‘வளப்பூர் நாடு’ என்று ஒரு முதியவர் விடையிறுப்பாராயின் பிழை அவருடையதன்று. எழுத்துருவை நம்பாது எண்ணால் இடத்தைக் குறித்தலே தக்க வழி. மத்திய சர்க்காரின் பஞ்சாயத்து ராஜ் இலாகா ஊர்களுக்கெல்லாம் தனித்தனிக் குறியெண் வகுத்திருப்பது இதற்குத் துணையாகும்.

இதில் எழுத்துப் பிழையினும் பெரிய காரியம் அடங்கியுள்ளது. கொல்லிமலை வாசிகளிற் பெரும்பாலார் ‘மலையாளி’ என்னும் பழங்குடியினர். அவர் பேசுவது தமிழே. மலையாள மொழியினரையும் அச்சொல் குறிக்குமாதலின், அயலிடத்து அதிகாரி ஒருவர் மயங்குதற்கு இடமுண்டு. பழங்குடிப் பட்டியலோ சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஜில்லாக்களின் மலையாளிகளையே குறிக்கின்றது. நாமக்கல் என்னும் பெயர் அதில் இல்லை. பழைய சேலத்தின் கூறாதலாலேயே அவ்வுரிமை இங்குச் செல்லுகின்றது. ஈரோட்டுப் பர்கூர் மலையின் மலையாளிகள் அவ்வுரிமையை நெடுங்காலம் வேண்டி வந்தது, அவர் ஜில்லா அப்பட்டியலிற் சேராமையினாலேயாம். ஜில்லாப் பிரிவின் வரலாற்றை அறியாத இயந்திரம் ஒரு மாணவரின் படிப்புதவியையே மறுத்துவிடலாம். ஆதலின் இடப்பெயரோடு அது வழங்கிய காலத்தையும் சொற்கோவை ஏற்றல் வேண்டும்.

மூன்றாவது, வாசமும் பிரஜாவுரிமையும் வேறு வேறு. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டப்படி, விண்ணப்பித்த நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 182 நாட்களேனும் இந்தியாவில் தங்கியவர் வாசியாவர். ஆதார் எண் பிரஜாவுரிமைக்கேனும் நிலையான குடியிருப்புரிமைக்கேனும் அத்தாட்சியன்று என்று அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவே கூறுகின்றது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து வரும் இலங்கைத் தமிழருட் பலர் பல்லாண்டு வாசிகளாயினும் இந்தியப் பிரஜைகள் அல்லர் என்பது இவ்வேற்றுமையை நன்கு விளக்கும். நமது வருவாய்த் துறை வழங்கும் சான்றொன்றின் பெயரிலோ பிறப்பிடமும் இருப்பிடமும் ஒருங்கே நிற்கின்றன. பிறத்தல், வசித்தல், உரிமையுடைமை என்னும் மூன்றையும் தனித்தனிச் சொல்லாற் குறித்தலே முறையாம்.

நான்காவது, பிறந்த தேதி. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில், 1987-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்கு முன் இந்தியாவிற் பிறந்தோர்க்கு ஒரு விதி. அதன்பின், 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதிக்கு முன் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவர் பிரஜையாதல் வேண்டும். அதன் பின்னர்ப் பிறந்தோர்க்கு விதி இன்னும் கடுமையானது. ஒரு நாள் வேற்றுமையால் உரிமை மாறுமிடத்து, உத்தேசமாகச் சொல்லிய வயதைத் துணிந்த தேதியாக எழுதுதல் அநீதியன்றோ? சரிபார்த்தது, தாமே கூறியது, உத்தேசமானது என்று விட்டல் குழுவினர் மூவகையாகப் பிரித்தமை போற்றற்குரியது. அவ்வேறுபாட்டைச் சான்றும் தன்னோடு தாங்கிச் செல்லல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. நல்ல சொற்கோவை எதனைக் கூறலாம் என்பதோடு எதனைக் கூறாது விடலாம் என்பதையும் வகுக்கும். 18 வயது நிரம்பியதா என்று வினவுவோர்க்கு ‘ஆம்’ என்னும் ஒரு விடை போதும். பிறந்த தேதியும், தந்தை பெயரும், வீட்டு விலாசமும் வேண்டா.

கணிதமும் இயந்திர நூலும் பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்தகைய படிவங்களை இயற்றுவோராவர். தமிழ்ச் சொல்லின் பொருளையும், நமது ஊர்களின் வரலாற்றையும் அறியாது இயற்றுவாராயின், மலையடிவாரத்து ஏழை ஒருவர் தம் சொந்த ஊரிலேயே அந்நியராக நிற்க நேரும். ஒரு படிவத்தில் ஒரு சொல்லை இடுமுன், அச்சொல்லால் எவர் உள்ளே வருகின்றனர், எவர் வெளியே நிற்கின்றனர் என்று வினவிப் பார்க்கும் வழக்கத்தை இக்கல்லூரியிலேயே கைக்கொள்வோமாக.