நட்சத்திரம் செத்தா வெளிச்சம் யார் மேல அடிக்கும்?

முத்தையாபுரத்துல ராத்திரி மொட்டை மாடி ஏறினா, ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் துறைமுக விளக்குகள். தூரத்துல முயல் தீவு கலங்கரை விளக்கம். அதோட ஒளிக்கற்றை நம்ம பக்கம் திரும்பும்போது மட்டும்தான் பளிச்சுன்னு தெரியும். இந்தக் காட்சியை மனசுல வச்சுக்கோங்க. மேட்டர் இதுதான்.

1967-ல், யாராவது ரகசியமா அணுகுண்டு வெடிக்கிறாங்களான்னு வேவு பார்க்க அமெரிக்கா விட்ட வேலா செயற்கைக்கோள்கள் காமா கதிர்களைப் பிடித்தன. ஆனா அவை பூமியிலிருந்து வரவில்லை, விண்வெளியிலிருந்து வந்தன! இதை 1973-ல்தான் வெளியே சொன்னார்கள். சில நொடிகளே நீடிக்கும் இதற்குப் பெயர் காமா கதிர் வெடிப்பு.

எங்கிருந்து வருது? சூரியனைவிடப் பல மடங்கு எடையுள்ள நட்சத்திரத்தில் எரிபொருள் தீர்ந்ததும் மையம் தன் எடையாலேயே உள்ளே சரிந்து கருந்துளை ஆகலாம். அது வேகமாகச் சுழன்றால், இரு துருவங்கள் வழியாகவும் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பொருள் பீய்ச்சி அடிக்கும். அந்தப் பீய்ச்சல் நம்மை நோக்கி இருந்தால் காமா வெளிச்சம் தெரியும். நட்சத்திரத்தின் மீதி உடம்பு நாலாபக்கமும் சிதறுவதுதான் சூப்பர்நோவா. அது எல்லா திசையிலும் தெரியும். அதாவது கலங்கரை விளக்கின் கற்றை ஒன்று, கோபுரமே வெடிப்பது இன்னொன்று.

இதுக்கு ஆதாரம்? 1998 ஏப்ரல் 25 அன்று ஒரு காமா வெடிப்பு. அதே இடத்தில், சுமார் 12 கோடி ஒளியாண்டு தூரத்தில், ஒரு சூப்பர்நோவா. ஆனா அந்தக் காமா வெடிப்பு வழக்கத்தைவிட ரொம்ப மங்கல். அதனால தற்செயலா இருக்குமோன்னு பலர் சந்தேகப்பட்டாங்க. 2003 மார்ச் 29 அன்று வந்த வெடிப்பு சந்தேகத்தைத் தீர்த்தது. அதன் பின்னொளி மங்க மங்க, நிறமாலையில் சூப்பர்நோவாவின் கைரேகை மெல்ல வெளிப்பட்டது. பொருள் நொடிக்கு 30,000 கி.மீ. அளவு வேகத்தில் சிதறிக்கொண்டிருந்தது. அந்தப் பின்னொளியை ரேடியோ அலையில் விடாமல் கவனித்தவற்றில் புனே அருகே உள்ள நம்ம ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியும் ஒன்று.

பாடப்புத்தக விதி ஒண்ணு இருந்தது: 2 நொடிக்கு மேல் நீடித்தால் நட்சத்திரச் சாவு, அதற்குக் கீழே என்றால் நியூட்ரான் நட்சத்திரங்களின் மோதல்.

இங்கதான் ட்விஸ்ட். 2021 டிசம்பர் 11 அன்று சுமார் 50 நொடி நீடித்த வெடிப்பு ஒன்று வந்தது. விதிப்படி சூப்பர்நோவா தெரியணும். தேடினாங்க, இல்லை. கிடைத்தது கிலோனோவா, அதாவது தங்கம் மாதிரி கனமான தனிமங்கள் உருவாகும் மோதலின் ஒளி. நைனிடால் அருகே தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் தொலைநோக்கியும் இதைப் பார்த்தது. ஆக, நேரத்தை மட்டும் வச்சு காரணம் சொல்ல முடியாது.

நமக்கு இதுல என்ன? 2015-ல் இஸ்ரோ அனுப்பிய ஆஸ்ட்ரோசாட்டில் காட்மியம் ஜிங்க் டெலுரைடு டிடெக்டர் இருக்கு. நாம செமஸ்டர் எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணின அதே செமிகண்டக்டர் தத்துவம்தான். 2022-க்குள் அது 500 காமா வெடிப்புகளைப் பிடித்துவிட்டது. பிளேஸ்மென்ட் சீசன்ல 'கோர் சப்ஜெக்ட் எதுக்குடா?'ன்னு தோணினா, இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.