ஊசுட்டேரியைச் சுற்றி ஒரு சைக்கிள் பயணம்



புதுச்சேரியில் சைக்கிள் ஓட்டத் தெரியாத இளைஞரைக் காண்பது அரிது. ஆயினும் அச்சைக்கிளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் கருவியாக மட்டுமே நாம் கருதி வருகிறோம். நாட்டைக் காண்பதற்கும், மண்ணையும் நீரையும் உயிரினங்களையும் அறிந்துகொள்வதற்கும் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை என்பதே இன்று நான் உங்களுக்கு எடுத்துக் கூற விரும்பும் செய்தி. அதற்கு ஊசுட்டேரியையும், அதற்கு நீர் வழங்கும் சங்கராபரணி ஆற்றுப் பள்ளத்தாக்கையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் வாகனத்தைப் பற்றிச் சில சொற்கள். 1817ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் ஃபான் டிரைஸ் என்பவர், கால்களால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். 1860களில் பாரிஸ் நகரத்தார் அதன் முன்சக்கரத்தில் பெடலைப் பொருத்தினர். 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாகவும், செயின் பின்சக்கரத்தைச் சுழற்றுவதாகவும் அமைத்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை அளித்தார். நாம் இன்று ஏறிச் செல்லும் சைக்கிள் பெரும்பாலும் அந்த அமைப்பே.

இதன் சிறப்பு என்ன? நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நம் உடலைச் சிறிது தூக்கி இறக்குகிறோம். அதிலேயே பெரும் ஆற்றல் செலவாகிவிடுகிறது. சைக்கிளிலோ உடற்பாரத்தைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. கால்கள் சக்கரத்தைச் சுழற்றும் வேலையை மட்டும் செய்கின்றன. ஆகவே சமதரையில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்கு, நடப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே போதும். புதுச்சேரியைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமவெளியாதலால் இந்த நன்மையை முழுமையாகப் பெறலாம்.

இனி ஏரியைக் காண்போம். நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி உள்ளது. அதன் பரப்பு சுமார் 800 ஹெக்டேர். ஏறத்தாழப் பாதி புதுச்சேரியிலும், மறுபாதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வெல்லை இரண்டு வல்லரசுகளின் எல்லையாக இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. எல்லைக் கோடு மட்டும் நிலைத்தது. பறவைகளுக்கு அக்கோடு தெரியாது. ஆதலால் இரு அரசுகளும் தத்தம் பகுதியைக் காக்க வேண்டியதாயிற்று. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2015இல் அவ்வாறே அறிவித்தது.

இது இயற்கையாக அமைந்த ஏரியன்று; நம் முன்னோர் கரை கட்டி நீரைத் தேக்கிய ஏரி. மேற்கிலிருந்து கிழக்கே சரியும் நிலத்தில் கிழக்குப் புறம் கரை எழுப்பினால் நீர் தேங்கும். கரையோரம் ஆழம் மிகுந்தும், நீர்பிடிப்புப் புறம் ஆழம் குறைந்தும் இருக்கும். இவ்வேறுபாட்டைச் சைக்கிளில் சுற்றி வருபவர் கண்ணாலேயே அறியலாம். ஆழமான நீரில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கி மீன் பிடிக்கும். நடுவில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். ஆழமற்ற ஓரத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கொக்கும் காலூன்றி இரை தேடும். நாணற்புதர்களில் தாழைக்கோழியைக் காணலாம். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து முதலியவை வடநாடுகளிலிருந்து வந்து சேரும்.

ஏரிக்கு மழைநீர் மட்டும் போதாது. செஞ்சிப் பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிவரும் சங்கராபரணியின் நீரைச் சுத்துக்கேணியிலிருந்து வாய்க்கால் வழியாக ஏரிக்குக் கொண்டுவருகிறார்கள். பத்துக்கண்ணு என்னும் ஊரின் பெயரே மதகுக் கண்களை நினைவூட்டுகிறது. இவ்வாய்க்காலோரத்து ஊர்களின் வழியே சென்றால், ஆறு, வாய்க்கால், ஏரி, வயல் ஆகிய நான்கும் ஒரே தொடராக இயங்குவதை ஒரு காலைப்பொழுதில் உணர்ந்துவிடலாம். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இத்தெளிவு எளிதில் வாராது.

பலம் உள்ளவர்கள் ஆற்றுவழியே மேலும் சென்று திருவக்கரையை அடையலாம். அங்கே ஆற்றோரத்தில் சந்திரமௌலீசுவரர் கோயில் இருக்கிறது. அருகே கல்லாக மாறிய மரங்கள் கிடக்கின்றன. அவை சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை என்று புவியியல் அறிஞர் கூறுவர். மணலுள் புதைந்த மரத்தின் நார்களில், நீரில் கரைந்து வந்த சிலிக்கா சிறிது சிறிதாகப் படிந்து கல்லாகியது. ஆண்டு வளையம் போன்ற கோடுகளைக்கூட அக்கற்களில் காணலாம். அதே ஆற்றின் கடைமுகத்தை நோக்கிச் சென்றாலோ, ரோமாபுரியோடு வாணிகம் செய்த அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து உலகறியச் செய்த இடம் அது. ஓர் ஆற்றின் இரு முனைகளில் இத்துணைக் காலவேறுபாடு!

பயண முறைக்கு வருவோம். மோட்டார் வண்டிகளின் நெருக்கமில்லாத பயணமே நம் நோக்கம். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலைகளையும் வாய்க்கால் ஓரப் பாதைகளையும் தேர்ந்துகொள்க. மார்கழி, தை மாதங்களில் விடியலில் புறப்படுவது நலம். அப்போது வடகிழக்குக் காற்று வீசுமாதலால், போகையில் காற்று முதுகைத் தள்ளும். திரும்புகையில் முகத்தில் மோதும். ஆகவே பலத்தில் பாதிக்கு மேல் திரும்புவதற்கென்று சேமித்து வைத்திருக்க வேண்டும். ஒரு பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், தண்ணீர், கட்டுச்சோறு ஆகியவற்றைக் கேரியரில் கட்டிக்கொள்ளலாம்.

பிரான்சில் சேந்த்-எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் தெ விவி என்பார், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பயணத்தையே ஒரு கலையாக வளர்த்தார். 1887இல் அதற்கென ஓர் இதழையும் தொடங்கினார். பசிக்குமுன் உண்க, தாகத்திற்குமுன் பருகுக, வீண்பெருமைக்காக ஒருபோதும் பெடலை மிதியாதீர் என்பன அவர் கூறிய விதிகளின் கருத்து. நம் வெயிலுக்கு இரண்டாவது விதி மிகவும் பொருந்தும்.

பறவைகளைக் குறித்தும் ஒரு விதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கிளைக் கண்டு அஞ்சாத பறவை, நாம் இறங்கி நின்றவுடன் கலைந்து பறப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே தொலைவிலேயே இறங்கி, மரத்தின் மறைவில் அமைதியாக நின்று நோக்குக. மணியை அடிக்க வேண்டாம். கூடுகளை அணுக வேண்டாம்.

இவ்வளவு கவனம் ஏன் வேண்டும் என்று நீங்கள் வினவலாம். புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரை. கடற்கரையை அடுத்த நிலமாதலால், நன்னீரை மிகுதியாக இறைத்துவிட்டால் உப்புநீர் உட்புகும். அதைத் தடுப்பது நிலத்துள் இறங்கும் மழைநீரும் ஏரிநீருமே. ஏரியில் வண்டல் படிந்து ஆழம் குறைந்தாலும், கரைப்புறம் ஆக்கிரமிக்கப்பட்டாலும், குப்பையும் கழிவும் சேர்ந்தாலும், இழப்பு பறவைகளோடு நில்லாது. நம் வீட்டுக் குழாய்வரை வரும். கரையை ஒட்டிய சாலையில் வேகமாகச் செல்லும் மோட்டாரில் இருப்பவர் இவற்றைக் காண்பதில்லை. சைக்கிளில் செல்பவர் காண்பார். இரண்டாம் முறை சென்றால், என்ன மாறியிருக்கிறது என்பதையும் காண்பார்.

ஆகையால் மாணவர்களே, ஒரு சிறு குறிப்பேட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். நாள், நீரின் மட்டம், கண்ட பறவைகள், மதகின் நிலை ஆகியவற்றை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நால்வர் சேர்ந்து மூன்றாண்டு இவ்வாறு செய்தால், ஏரியின் நலத்தைப் பற்றி அதிகாரிகளிடமும் ஊர்ப் பெரியோரிடமும் சான்றோடு பேசும் தகுதி உங்களுக்கு உண்டாகும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.