களவெட்டியில் தீர்ந்த கடன்

அம்பாறை மாவட்டத்துச் சொறிக்கல்முனைப் பக்கத்து வயற்காரருக்குக் கடன் புதிதல்ல. முன்பு கூட்டாளிக்குக் கொடுத்தது பெரும்பாலும் நெல். மாரிப்போக விதைப்புக்கு விதைநெல் போதாதவன் பக்கத்து வயற்காரனிடம் ஓரிரு மூடை வாங்குவான். மாசி, பங்குனியில் சூடடித்ததும் களவெட்டியிலேயே, நாலுபேர் பார்த்திருக்க, அளந்து கொடுத்துவிடுவான். வெள்ளம் வந்து வெள்ளாமை அழிந்தால் அதுவும் கொடுத்தவன் கண்ணுக்குத் தெரியும். அடுத்த போகம்வரை பொறுப்பான். நெல்லாகப் போனது நெல்லாகவே வந்ததால் விலை ஏறி இறங்கியது நட்பைத் தொடவில்லை. பெருநிலக்காரரான போடியாரிடம் பட்ட கடன் வேறு கதை. அதில் நொந்த குடும்பங்கள் நிறைய.

இன்று உழவு, பசளை, களைநாசினி, வெட்டு மெஷின் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வெட்டிய நெல் ஈரத்தோடே வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகிறது. "மச்சான், வெட்டினதும் தாறன்" என்ற சொல் மட்டும் மாறவில்லை. ஆனால் கடனாகக் கொடுத்த காசு வயலுக்குப் போனதா, லீசிங் தவணைக்குப் போனதா, வெளிநாட்டு ஏஜென்சிக்குப் போனதா என்று கொடுத்தவருக்குத் தெரியாது. காசு போனிலேயே கைமாறுகிறது, சாட்சி யாருமில்லை.

2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது. நேர்மையானவர்களாலும் சொன்ன தவணையில் கொடுக்க முடியவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. ஒரு வருடத்துக்கு முன் கொடுத்த ஒரு இலட்சம் சதம் குறையாமல் திரும்பி வந்திருந்தாலும், அதற்கு முன்னைய விலையில் சுமார் 59 ஆயிரத்துக்கான சாமான்தான் கிடைத்திருக்கும். வாங்கியவர் முழுதாகக் கொடுத்தேன் என்பார், கொடுத்தவர் இழந்தேன் என்பார். இருவர் சொல்வதும் உண்மை. யாரும் ஏமாற்றாமலே நட்பு முறிவது இப்படித்தான்.

இன்னும் கொடியது பிணைக் கையெழுத்து. நுண்கடன் குழுக்களில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றப் பெண்கள்தான் கட்டவேண்டும். அயல்வீட்டுச் சிநேகிதியையே கடன் வசூலிப்பவளாக மாற்றும் இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

கடனை எழுதித்தரக் கேட்டால் கூட்டாளி கோபிப்பான் என்று பலர் தயங்குகிறார்கள். கல்முனை, சம்மாந்துறை முஸ்லிம் சகோதரர்களுக்கு எழுதிவைப்பது புதிதல்ல. கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. நாட்டின் சட்டமும் எழுத்துக்கே கூடுதல் அவகாசம் தருகிறது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப்போட 3 வருடம்தான் அவகாசம். எழுத்தில் இருந்தால் 6 வருடம். சிறிய தொகைக்கான பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கேயும் கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இந்தப் போகத்தில் கூட்டாளிக்குக் காசு கொடுக்கிறீர்களா? தொகை, திகதி, தவணை, இரு கையெழுத்து, ஒரு சாட்சி: இவ்வளவையும் கொடுக்கிற அன்றே எழுதிவிடுங்கள். பிணை நிற்கக் கேட்டால், அந்தத் தவணையை நீங்களே கட்ட முடியுமென்றால் மட்டும் கையெழுத்திடுங்கள்.